பில் படிக்கும் ஏஐ கணக்குச் சேவை: சேலத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்த்த அனுபவம்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறை, ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், உதவிக்கு ஒரு பொண்ணு, அவ்வளவுதான் என் ஆபீஸ். 11 பேருக்கு மாதக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். கொலுசு மொத்த வியாபாரம் 4, லீ பஜார் மண்டி 3, ஜவுளிக் கடை 2, ஜவ்வரிசி ஆலை ஒன்று, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம். போன ஆறு மாதமாக ஒரு ஏஐ கணக்குச் சேவையைக் காசு கொடுத்து வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் ஆளாளுக்கு "எப்படி இருக்கு, வாங்கலாமா, நம்ம பொழப்பு என்னாகும்" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் அரை மணி நேரம் பேசி முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பேரைச் சொல்லவில்லை. இதே வேலையைச் செய்கிற சேவைகள் இப்போது பல வந்துவிட்டன, நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

என்ன செய்கிறது என்றால், கடைக்காரர் பில்லை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அது படித்து, யார், என்ன தேதி, எவ்வளவு, வரி எத்தனை சதவீதம் என்று பிரித்து டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பதிவு போட்டுவிடும். 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 2பி, அதாவது நமக்கு விற்றவர்கள் கணக்கில் காட்டின பில்களின் பட்டியல், வந்ததும் அதோடு ஒப்பிட்டு, எந்த வியாபாரி பில்லைக் கணக்கில் காட்டவில்லை என்று பட்டியல் தரும். பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தமிழில் செய்தி எழுதும், கேட்டால் போனில் பேசவும் செய்யும். நாம் எதையாவது கேட்டால், "இந்த மாதம் ஏன் லாபம் குறைந்தது" என்பது மாதிரி, பதிவுகளைப் பார்த்துப் பதில் சொல்லும். ஆரம்பத்தில் ஒரு கடைக்கு மாதம் 450 ரூபாய் என்றார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மாதத்தில் ரெண்டு கண்டம் உண்டு. 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் 3பி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து 8, 9, 10 தேதிகளில் நான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முன்னால் வீட்டுக்குப் போனதாக நினைவில்லை. பையன் பத்தாம் வகுப்புப் பரிட்சை எழுதின வருஷம்கூட அப்படித்தான். கடைக்காரர்கள் பில்லை மஞ்சள் பையில் போட்டு மாதக் கடைசியில் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். இந்தச் சேவை வந்த ரெண்டாவது மாதம் 10ஆம் தேதி சாயங்காலம் ஆறரைக்கு ஆபீசைப் பூட்டினேன். படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது தட்டுவடை செட்டு வண்டிக்காரர் அடுப்பே பற்றவைக்காமல் அப்போதுதான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வண்டியை அவர் கடை கட்டும் நேரத்தில்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே இந்தச் சேவைக்கு நான் நன்றி சொல்லுவேன்.

எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து மாதம் சுமார் 300 மணி நேர வேலை இருந்தது, அது 190க்கு வந்தது. நோட்டில் எழுதி வைத்துப் பார்த்த கணக்கு இது, குத்துமதிப்பு இல்லை.

இனி குறைகள்.

அச்சடித்த பில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கையால் எழுதினது என்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும். மண்டிகளில் பில்லை இன்னமும் கம்பியில் குத்தித்தான் வைக்கிறார்கள். அந்த ஓட்டை ஒரு பில்லில் சரியாக எண்ணின் மேல் விழுந்து 1,860 என்பதை அது 1,360 என்று படித்திருந்தது. மண்டி பில்லில் "மகமை" என்று ஒரு வரி இருக்கும், வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் சிறு தொகை, தலைமுறை தலைமுறையாக வருவது. அதை "மகிமை" என்று படித்து என்ன செலவு இது என்று என்னையே கேட்டது. ஒரு தடவை சொல்லிக் கொடுத்த பிறகு மறக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் 640 பில் ஏற்றியதில் 41 இடத்தில் நாங்கள் திருத்த வேண்டியிருந்தது, ஆறாவது மாதம் அதே அளவு பில்லுக்குத் திருத்தம் 17தான்.

ஆனால் எண்ணிக்கை குறைந்தது என்று ஆறுதல்படவும் முடியாது, ஒரு தப்பு எவ்வளவு பெரியது என்பதுதான் விஷயம். மூன்றாவது மாதம் நடந்தது இது. கொலுசு வியாபாரிக்கு மெருகு போட்டுக் கொடுக்கும் பட்டறை ஒன்று, ஜிஎஸ்டி பதிவு உள்ளது, கூலி பில் கொடுத்திருந்தது. "வெள்ளிக் கொலுசு 4.250 கிலோ" என்று எழுதி, கூலி 8,500 ரூபாய், அதற்கு 5 சதவீதம் வரி. வெள்ளி வாங்கினால் 3 சதவீதம், வேலைக் கூலிக்கு 5 சதவீதம், இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. ஏஐ என்ன செய்தது தெரியுமா, கொலுசு என்ற வார்த்தையையும் எடையையும் பார்த்துவிட்டு அதைச் சரக்குக் கொள்முதல் என்று முடிவு கட்டி, 3 சதவீதம் வரி போட்டு, நாலேகால் கிலோ வெள்ளியைப் புதிதாக ஸ்டாக்கில் ஏற்றிவிட்டது. ஏற்கெனவே அந்த வியாபாரியின் கணக்கில் இருக்கும் வெள்ளிதான் பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது, இப்போது ரெண்டு தடவை இருக்கிறது.

அதைப் பிடித்தது என்னிடம் இருக்கும் பொண்ணு. "அக்கா, இங்க பாருங்க, கிலோ லட்ச ரூவா தாண்டி நிக்குது, நாலேகால் கிலோவ எட்டாயிரத்து ஐந்நூறுக்கு யாருக்கா குடுப்பாங்க?" என்று கேட்டாள். 2பி வந்த பிறகு வரி வித்தியாசம் தானாகத் தெரிந்திருக்கும், ஆனால் ஸ்டாக்கில் ஏறின வெள்ளி தெரிந்திருக்காது. வருஷக் கடைசியில் சரக்கு எடுக்கும்போது நாலேகால் கிலோ எங்கே போச்சு என்று வீட்டுக்குள் அண்ணன் தம்பி ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்திருப்பார்கள். கூட்டு வியாபாரத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். மரியாதையாகப் பேசினார்கள், திருத்தியும் கொடுத்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது, பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு பயன்படுத்துபவருடையது என்று. சட்டமும் அப்படித்தான். கொள்முதலில் கட்டின வரிக்குத் தப்பாக வரவு எடுத்துப் பயன்படுத்தினால் 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டியது கடைக்காரர், நோட்டீஸ் வருவது அவர் பேருக்கு, அவர் போன் போடுவது எனக்கு. வேலையின் பெரும்பகுதி அங்கே போய்விட்டது, பயம் முழுக்க இங்கேயே இருக்கிறது.

போனில் பேசும் வசதியை நான் நிறுத்திவிட்டேன். ஏன் என்றால், ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் பாக்கி வசூலுக்கு அதை வைத்தார். ராசிபுரம் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு அது போன் போட்டு "தங்கள் நிலுவைத் தொகை 46 நாட்களைக் கடந்துவிட்டது" என்று பேசியிருக்கிறது. அவர் வீட்டில் மனைவி இறந்து பதினோராம் நாள். தமிழில் ஒரு பிழை இல்லை, குரலும் மனுஷக் குரல் மாதிரியே இருக்கிறது, அதனாலேயே அவருக்கு இன்னும் வலித்திருக்கிறது, தெரிந்த ஆள் யாரோதான் பேசுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். இருபது வருஷ வாடிக்கை. கடைக்காரர் நேரில் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு வந்தார். எங்கள் பொண்ணு போன் போட்டிருந்தால் எடுத்ததும் "நல்லா இருக்கீங்களா, வீட்ல எல்லாம் சௌக்கியமா" என்றுதான் ஆரம்பித்திருப்பாள், அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்திருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்தது, டேலியில் இல்லை.

சரி, இந்தத் தப்புகள் எல்லாம் ரெண்டு மூன்று வருஷத்தில் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைக்கிறேன். கூலி பில்லையும் கொள்முதல் பில்லையும் பிரிக்கக் கற்றுக்கொள்ளும், பேசுவதற்கு முன்னால் விசாரிக்கக்கூடக் கற்றுக்கொள்ளும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது தமிழில் நாலு வரி கோர்வையாக எழுத அது பட்ட பாட்டையும் இப்போது எழுதுவதையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் "மெஷினுக்கு இது வராது, அது வராது" என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாம் நன்றாக வந்துவிட்ட பிறகு என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. அந்த 110 மணி நேரம் மிச்சமானதே, அது யாருக்குச் சேரும்?

என் கணக்கையே ஒளிக்காமல் சொல்கிறேன். ரெண்டாவது மாதமே கொலுசு வியாபாரி ஒருவர், வயதில் பெரியவர், "ஏம்மா, எல்லாம் மிசினே பண்ணுதாமே, அப்ப ஃபீஸக் கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். 4,000 வாங்கிக்கொண்டிருந்தேன், 3,000 ஆக்கினேன். அதைக் கேள்விப்பட்டு இன்னொருவர், அவருக்கு 3,500ஐ 3,000 ஆக்கினேன். மிச்சமான நேரத்தில் புதிதாக ரெண்டு கடை பிடித்தேன், தலைக்கு 3,000. ஆக வருமானத்தில் 4,500 கூடியது. சேவைக்கு 13 கடைக்கு 450 வீதம் 5,850 போனது. நாலாவது மாதம் கம்பெனி விலையை 700 ஆக்கியது, ஒரு வாரம் முன்னால் மெயிலில் சொன்னதோடு சரி. 13 கடைக்கு 9,100. அதாவது நான் ரெண்டு கடை கூடுதலாகப் பார்த்து, கையில் மாதம் 4,600 ரூபாய் குறைவாக வாங்கினேன். உற்பத்தித் திறன் கூடியது நிஜம், அதன் ஒரு பங்கு கடைக்காரருக்குப் போனது, பெரும் பங்கு வாடகையாகக் கம்பெனிக்குப் போனது, என் பங்குக்கு வந்தது தூக்கம். தூக்கமும் பெரிய விஷயம்தான், ஆனால் தூக்கத்தை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது.

வாடகை என்று நான் சும்மா சொல்லவில்லை. என் அப்பா சேலம் குகைப் பகுதியில் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக வந்தது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985ல் மத்திய அரசு சட்டமே போட்டது, ஆனாலும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்பா கடைசியில் இன்னொருவர் கூடத்தில் நாலு விசைத்தறியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். ஒரு நாளில் அவர் கையால் நெய்ததைவிடப் பல மடங்கு துணி அவர் கண் முன்னால் சுருண்டது. கூலி பல மடங்கு ஆகவில்லை. கூடத்துக்குச் சொந்தக்காரர் மாடி கட்டினார். ஆனால் ஒன்று, அந்தச் சொந்தக்காரரும் ஒரு காலத்தில் எங்களைப் போல நெய்தவர்தான், நகையை அடகு வைத்துப் பழைய விசைத்தறி ரெண்டு வாங்கிப் போட்டவர். தறியை வாங்க முடிந்தது. கெட்டுப்போனால் பக்கத்துத் தெரு ஃபிட்டர் வந்து சரி பண்ணுவார், பாவு ஓட்டுவது யார், ஊடைக்கு நூல் சுற்றுவது யார் என்று அந்தக் காசு குகைக்குள்ளேயும் அம்மாப்பேட்டைக்குள்ளேயும் சுற்றும். இந்த ஏஐயை நான் எந்த நகையை அடகு வைத்தும் வாங்க முடியாது. மாத வாடகைதான், விலையை அவர்கள் ஏற்றினால் ஏற்றினதுதான், பில் படிக்கும் புத்தி முழுக்க எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நான் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொடுத்த மகமையும் இப்போது அவர்களிடம்தான் இருக்கிறது.

இதைப் பற்றி உலக அளவில் பேசுபவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. ஐஎம்எஃப் என்கிற சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் சொன்னது, உலகத்தில் 40 சதவீத வேலைகள் ஏஐயின் பாதிப்புக்குள் வரும், பணக்கார நாடுகளில் 60 சதவீதம் என்று. பாதிப்பு என்றால் எல்லாம் போய்விடும் என்று அர்த்தமில்லை, அதில் பாதிக்கு உதவியாகவும் இருக்கலாம் என்றும் அவர்களே சொன்னார்கள். அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மன் சாக்ஸ் 2023ல் உலக உற்பத்தி 7 சதவீதம் கூடலாம் என்றது. 2024ல் பொருளாதார நோபல் வாங்கிய மூவரில் ஒருவரான டாரன் அசெமோக்லு அதே வருஷம் அமெரிக்காவுக்குக் கணக்குப் போட்டு, பத்து வருஷத்தில் உற்பத்தித் திறன் மொத்தமாகவே 0.66 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றார். ஏனென்றால் இதுவரை ஏஐ நன்றாகச் செய்து காட்டியது சுலபமான வேலைகளை, சரி எது தப்பு எது என்று உடனே தெரிகிற வேலைகளை. இனி வரும் வேலைகள் அப்படி இல்லை. அச்சடித்த பில்லும் மெருகுக் கூலி பில்லும் எனக்கு உடனே ஞாபகம் வந்தன. ஆனால் எந்தக் கணக்கு சரியாக வந்தாலும், கூடுகிறது யார் வீட்டில் கூடுகிறது என்பது தனிக் கேள்வி. அசெமோக்லுவும் அவரோடு நோபல் வாங்கிய சைமன் ஜான்சனும் பல வருஷமாகச் சொல்லி வருவது அதைத்தான், கருவி வந்தால் மட்டும் கூலி தானாக ஏறாது, கேட்கிற பலம் உள்ளவர்களுக்குத்தான் ஏறும் என்று.

நம் நாட்டிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. வங்கிகளில் கம்ப்யூட்டர் பரவலாக வந்தது 1983ல் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்ட பிறகு. வங்கிகளில் கம்ப்யூட்டர் வைப்பது பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழுவின் அறிக்கை எல்லாம் அதையொட்டி வந்தது. எத்தனை இயந்திரம், எந்த வேலைக்கு, ஆட்குறைப்பு இல்லாமல் எப்படி என்று உட்கார்ந்து பேசினார்கள். பேரேடு எழுதின கிளார்க்குகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதே வங்கியில் ஓய்வு பெற்றார்கள். மாடி அறையில் கணக்கு எழுதும் எங்களுக்குச் சங்கம் கிடையாது, எங்களிடம் வேலை பார்க்கும் பொண்ணுங்களுக்கு நாங்களே முதலாளி, அவர்களுக்காகப் பேச ஆளே கிடையாது.

அந்தப் பொண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு ஆறு மாதமும் மனசில் ஓடினது அவளைப் பற்றித்தான். அயோத்தியாப்பட்டணத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறாள், பி.காம் முடித்து ரெண்டு வருஷம் ஆகிறது. சம்பளம் 11,000. சேவைக்கு நான் கட்டும் 9,100ஐயும் அவள் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், மறைக்க மாட்டேன். என்னைப் போல ஆபீஸ் வைத்திருக்கும் இன்னொருவர் "ரெண்டுல ஒண்ண நிறுத்துங்க, நான் பொண்ண நிறுத்திட்டேன்" என்று சொன்னார்.

நான் 1999ல் லீ பஜார் மண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது என் தகுதி டைப்ரைட்டிங் ஹையர் மட்டும்தான். மூன்று வருஷம் பில்லைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவதும் பேரேட்டில் ஏற்றுவதும்தான் வேலை. சலிப்பான வேலை, கட்டை விரலில் மை போகாது. ஆனால் எந்த ஊர் வியாபாரி எந்த மாதம் பணம் இழுப்பார், மஞ்சள் எப்போது ஏறும், சாக்குக்கு எவ்வளவு கழிப்பார்கள், யார் யாருக்கு மச்சான் என்பதெல்லாம் அந்த எழுத்து வழியாகத்தான் உள்ளே போனது. வயதான கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து "இதில என்ன தப்பு இருக்கு, கண்டுபிடி" என்பார், விடை சொல்ல மாட்டார். இன்றைக்கு ஏஐ செய்கிற வேலை அத்தனையும் நான் அந்த மூன்று வருஷம் செய்த வேலை. அதைச் செய்யாமல் ஒருத்தி நேராக என் நாற்காலிக்கு எப்படி வருவாள்? மெருகுக் கூலி பில்லில் இருந்த தப்பை அவள் பிடித்தாளே, அதுவும் ரெண்டு வருஷம் கையால் பில் போட்டதனால்தான்.

எரிக் பிரிஞ்ஜோல்ஃப்சன் என்று ஒரு பொருளாதார நிபுணர், அவரும் சகாக்களும் 5,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளர் உதவி ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2023ல் வந்தது. ஏஐ உதவியோடு சராசரியாக 14 சதவீதம் வேலை கூடுதலாக முடிந்தது, புதியவர்களுக்கு 34 சதவீதம், அனுபவசாலிகளுக்கு ரொம்பக் கொஞ்சம். படித்தபோது சந்தோஷமாக இருந்தது, புதிதாக வரும் பிள்ளைகளுக்குத்தானே அதிக லாபம் என்று. அவரே 2025 ஆகஸ்டில் வேறு ரெண்டு பேரோடு சேர்ந்து அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களைப் பார்த்து எழுதினது, ஏஐ அதிகம் நுழைகிற தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருக்கிறது என்று. அதே தொழிலில் வயதில் மூத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. வேலைக்கு எடுத்தால் புதியவருக்குத்தான் இந்தக் கருவி அதிகம் உதவுகிறது, ஆனால் அவரை எடுப்பதே குறைகிறது.

இதற்கு நடுவில் ஏற்காடு தோட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இது சரிப்படவே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் தோட்டத்து ஆபீசில் டவர் கிடைப்பதே கஷ்டம். ஆட்களின் வருகைப் பதிவான செக்ரோலை போட்டோ எடுத்துக் கீழே வந்துதான் ஏற்ற வேண்டும். ஒரே பேரில் ரெண்டு அம்மா, இனிஷியல் மட்டும் வேறு, ரெண்டு பேரின் நாட்களையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துவிட்டது. வாரச் சம்பளம் வாங்க வந்த அன்றைக்கு ஒருத்தர் கவர் காலியாக இருந்தது, மேஸ்திரி கையில் இருந்த காசைக் கொடுத்துச் சமாளித்தார். அடுத்த வாரமே அதை நிறுத்திப் பழையபடி நோட்டுக்குத் திரும்பினோம். தோட்டத்துக்காரர் சொன்னார், பிரேசிலில் சமவெளியில் மெஷின் வைத்துக் காப்பி பறிக்கிறார்கள், இந்தச் சரிவில் சில்வர் ஓக் நிழலுக்கு அடியில் பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க ஆள்தான் வேண்டும் என்று. உண்மைதான். ஆனால் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு அட்டைக்கடியில் நிற்கும் அந்த அம்மாக்களின் கூலியைப் பார்த்தால், "ஏஐ தொட முடியாத வேலை" என்பது நல்ல சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதும் தெரியும். பி.காம் படித்த பிள்ளைக்கு நாம் சொல்லும் மாற்று வழி அதுவாக இருக்க முடியாது.

சரி, நான் என்ன செய்தேன். ஐந்தாவது மாதம் 13 கடையையும் பிரித்தேன். அச்சு பில் அதிகம் வரும் 8 கடைக்கு மட்டும் சேவையை வைத்தேன், 5,600 ஆகிறது. மீதி 5 கடைக்குப் பொண்ணு கையால்தான் போடுகிறாள். அதில் ரெண்டு கொலுசுக் கடைகளை வேண்டுமென்றே அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஏஐயிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும், அவளுக்கு ஒன்றரை நாள் ஆகும். அந்த ஒன்றரை நாளில்தான் அவள் கூலி, சேதாரம், டச்சு என்கிற வெள்ளியின் சுத்த அளவு எல்லாம் கற்றுக்கொள்கிறாள். பட்டறைக்கே ஒரு தடவை கூட்டிப் போனேன், கம்பி இழுப்பதில் இருந்து பற்றவைப்பது, சலங்கை கோர்ப்பது, மெருகு வரைக்கும் நின்று பார்த்தாள். உருக்கும் இடத்தில் எத்தனை கிராம் குறையும் என்று அவளே கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மிச்சமான நேரத்தில் இன்னொன்று ஆரம்பித்தோம். மாதத்தில் ஒரு நாள் கடைக்காரரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்தச் சரக்கு தூங்குகிறது, யாரிடம் பணம் நிற்கிறது, வெள்ளி இந்த விலையில் இருக்கும்போது எவ்வளவு கையிருப்பு வைக்கலாம் என்று பேசுகிறோம். இதற்குத் தேவையான பட்டியலை எல்லாம் ஏஐதான் எடுத்துத் தருகிறது, அதில் அது கெட்டி. பேசுவது நாங்கள். நாலு பேர் இதற்கென்று மாதம் 500 கூடுதலாகத் தர ஒத்துக்கொண்டார்கள். ஃபீசைக் குறைக்கச் சொன்ன அந்தப் பெரியவர்தான் முதல் ஆள்.

வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: மாதம் 200 அச்சு பில்லுக்கு மேல் வரும் கடை என்றால் வாங்குங்கள், நிச்சயம் பிரயோஜனம். கையெழுத்து பில்தான் என்றால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள். முதல் மாதம் ஒரே ஒரு கடைக்கு வையுங்கள், 1ஆம் தேதி ஆரம்பியுங்கள், 8ஆம் தேதி ஆரம்பித்து நான் பட்ட பாடு வேண்டாம். ஒரு வருஷத்துக்கு விலை ஏற்றுவதில்லை என்று எழுத்தில் கேளுங்கள், நான் கேட்காமல் விட்டேன். வெளியே வந்தால் நம் பதிவுகள் முழுக்க நம் கைக்கு வருமா என்றும் கேளுங்கள். கூலி பில்லை எல்லாம் தனி உறையில் போட்டு ஆள் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும். வசூல் போனை இதனிடம் கொடுக்காதீர்கள். மதிப்பெண் கேட்டால் பில் படிப்பதற்கு ஐந்துக்கு நாலு, 2பி ஒப்பிடுவதற்கு முழுசாக ஐந்து, போன் பேசுவதற்கு பூஜ்யம்.

கடைசியாக, "பொண்ணு இருக்காளா, நிறுத்திட்டீங்களா" என்று கேட்டவர்களுக்கு. 4,500 கூடின வருமானத்தில் 5,600 வாடகை போய் 1,100 துண்டு விழுந்தது, உட்கார்ந்து பேசுவதில் 2,000 வந்தது, ஆக மாதம் 900 ரூபாய் மிச்சம். அதோடு என் கையிலிருந்து 100 சேர்த்து இந்த மாதத்தில் இருந்து அவள் சம்பளம் 12,000.